பாடசாலையிலிருந்து வேலைத்தலத்துக்கு: யாழ்ப்பாணத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் வேலை என்னுடையது. பாடசாலைகளில் தொழில் வழிகாட்டல் நாள் என்றால் பேசக் கூப்பிடுவார்கள். மண்டபத்தில் ஒருவரும் கை உயர்த்த மாட்டார்கள். முடிந்து வாசலுக்கு வந்தபிறகுதான் கேள்விகள் வரும். அந்த வாசல் கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகள் பெற்றோருடையவை, சில பிள்ளைகளுடையவை.

பிள்ளை இப்போது படிக்கட்டும். வேலையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்தானே?

படிக்கட்டும், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நம் வீடுகளில் படிப்பு என்ற பெயரில் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். விடியற்காலை ரியூசன், பிறகு பாடசாலை, பின்னேரம் மறுபடி ரியூசன். சாப்பிட்ட கோப்பையை அம்மா கழுவுகிறார். வங்கிப் படிவத்தை அப்பா நிரப்புகிறார். பல்கலைக்கழக விண்ணப்பத்தைக்கூட மாமாவோ ரியூசன் சேரோ நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். மூன்று பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளை தபாலகத்தில் ஒரு பதிவுத் தபால் அனுப்பத் தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்கிறது.

வேலை உலகத்துக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்த இன்னொரு வகுப்புக்கு அனுப்பத் தேவையில்லை. வீட்டு அலுவல்களில் பாதியைப் பிள்ளையின் கையில் விடுங்கள். மின்சாரக் கட்டணம், கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்றிதழ், 15 வயதானதும் தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பம் எல்லாம் அவர்களே பார்க்கட்டும். பிள்ளை திரும்பி வந்து "நாளைக்கு வரச் சொன்னார்" என்றால் உடனே தொலைபேசியை எடுத்துத் தெரிந்த ஆளைப் பிடிக்காதீர்கள். நாளைக்கும் அதே பிள்ளை போகட்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் "என்ன குறைகிறது, எப்போது வந்தால் முடியும்" என்று மரியாதையாகக் கேட்கப் பழகினால், அதுவே வேலைத்தலத்துக்கான முதல் பயிற்சி.

சட்டப்படி எந்த வயதில் வேலைக்குப் போகலாம்?

16. முன்பு 14 ஆக இருந்ததை 2021இல் உயர்த்தினார்கள். 16 வயது வரை கட்டாயக் கல்வி. 16க்கும் 18க்கும் இடைப்பட்டவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. எவை ஆபத்தானவை என்ற பட்டியலைச் சட்டமே வைத்திருக்கிறது. இரவு வேலைக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. எனவே "பையன் கெட்டிக்காரன், 15 வயதுதான், கடையில் நிற்கட்டும்" என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். சிறுவர்களை வேலைக்கு வைத்திருப்பதைக் கண்டால் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

உங்கள் சொந்தத் தோட்டத்தில் சனிக்கிழமை வெங்காயம் கிண்ட உதவுவது வேறு கதை. அதை நான் ஆதரிக்கிறேன். பிள்ளை ஒரு நாள் வெயிலில் நின்றால் விலைவாசி பற்றிய பேச்சு தானாகப் புரியும்.

உயர்தரப் பரீட்சை முடிந்துவிட்டது. பெறுபேறு வர மாதக்கணக்கு ஆகும். என்ன செய்யலாம்?

பெறுபேறு வந்த பிறகும் பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசற் புள்ளி, வெட்டுப்புள்ளி, பல்கலைக்கழக அனுமதி என்று காத்திருப்பு நீளும். யாழ்ப்பாணத்துப் பதின்ம வயதினரின் வாழ்க்கையில் இவ்வளவு நீண்ட வெற்றுக் காலம் வேறு கிடையாது. பெரும்பாலும் அது கைத்தொலைபேசியிலும் திருவிழாவிலும் போய்விடுகிறது.

என் அபிப்பிராயம் இது: அந்த மாதங்களில் மூன்று மாதத்தை எங்காவது சம்பளத்துக்கு வேலை செய்யக் கொடுங்கள். பெரிய நிறுவனமாக இருக்கத் தேவையில்லை. கஸ்தூரியார் வீதியில் ஒரு கடை, திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு அச்சகம், சுன்னாகத்தில் ஒரு ஹாட்வெயார், கணக்காளர் ஒருவரின் அலுவலகம், விருந்தினர் விடுதி ஒன்றின் வரவேற்பு மேசை, எதுவானாலும் சரி. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கடைகளுக்கு ஆள் தேவைப்படும், அதுவும் வேலைதான். சொந்தக்காரரின் கடையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அங்கே பிள்ளை ஊழியராக இருக்காது, மருமகனாகத்தான் இருக்கும். பிந்திப் போனாலும் தேநீர் கிடைக்கும்.

கணினி வகுப்பு, ஆங்கில வகுப்பு எல்லாம் நல்லவை. ஆனால் பதின்மூன்று வருடம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு இன்னொரு வகுப்பால் புதிதாக ஒன்றும் தெரியவராது.

கடையில் நின்றால் ஊர் என்ன சொல்லும்?

சொல்லும். அதைத் தடுக்க வழியில்லை. லண்டனில் பெற்றோல் நிலையத்தில் நின்றால் பெருமை, கொக்குவிலில் நின்றால் மானக்கேடு என்று கணக்குப் போடுகிற ஊர் இது. ரொறொன்ரோவில் உணவகத்தில் கோப்பை கழுவிய காசில்தான் இங்கே பாதி மாடிவீடு எழும்பியது என்பதை அந்த ஊருக்கு யாராவது நினைவூட்ட வேண்டும்.

ஆள் எடுக்கிறவரின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இரண்டு விண்ணப்பங்கள் ஒரே பெறுபேற்றோடு வந்து, ஒன்றில் "நான்கு மாதம் புடவைக் கடையில் விற்பனை உதவியாளர்" என்ற வரி இருந்தால், அந்தப் பிள்ளையைத்தான் முதலில் கூப்பிடுவேன். காலையில் எழும்பி வரும், வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் பேசும் என்று அந்த ஒரு வரி எனக்குச் சொல்லிவிடுகிறது. தலைமை மாணவர், சாரணர், சதுரங்கச் சம்பியன் என்ற வரிகள் அந்த அளவுக்குச் சொல்வதில்லை.

வேலையில் முதல் வாரத்தில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்?

வேலை தெரியாததால் தடுமாறுவது குறைவு. தெரியாது என்று சொல்லத் தெரியாததால்தான் தடுமாறுகிறார்கள்.

ஒரு ஹாட்வெயார் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மேசன் ஒருவர் வந்து "தம்பி, முக்கால் அங்குல எல்போ நாலு" என்கிறார். எல்போ என்பது குழாய் வளையும் இடத்தில் பொருத்தும் துண்டு என்று பையனுக்குத் தெரியாது. உள்ளே நிற்கும் மூத்த ஊழியரிடம் கேட்க வெட்கம். "முடிந்துவிட்டது அண்ணை" என்று சொல்லிவிடுகிறான். அவனுக்குப் பின்னால் தட்டில் பெட்டி நிறைய எல்போ. மேசன் எதிர்க்கடைக்குப் போய் எல்போவோடு குழாயும் பசையும் சீமெந்தும் வாங்குகிறார். முதலாளிக்கு அன்று போனது நாலு எல்போவின் காசு மட்டுமல்ல.

இதில் பையனைக் குறைசொல்ல மனம் வரவில்லை. வகுப்பில் தெரியாது என்று சொன்னால் ஏச்சு, வீட்டில் சொன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பீடு. மறைக்கத்தான் பழக்கியிருக்கிறோம். வேலைத்தலத்தில் "தெரியவில்லை அண்ணை, ஒருமுறை காட்டுங்கள்" என்ற வசனத்துக்கு விலை அதிகம். அதைவிட விலை கூடியது "அதை நான் பிழையாகச் செய்துவிட்டேன்" என்று அன்றைக்கே சொல்வது. ஒரு விலைச்சிட்டையில் பிழை விட்டதை அன்று பின்னேரம் சொன்னால் பத்து நிமிட வேலை. மாதக் கடைசியில் கணக்காளர் கண்டுபிடித்தால், அந்தப் பிள்ளை எழுதிய எல்லாச் சிட்டையையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

மற்றது, வர முடியாத நாளில் அறிவிப்பது. காய்ச்சல் என்றால் காலையில் பிள்ளையே தொலைபேசியில் சொல்ல வேண்டும். பதினொரு மணிக்கு அம்மா எடுத்து "தம்பிக்குச் சுகமில்லை" என்று சொல்வது பாடசாலையோடு முடிந்த பழக்கம். குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுத் தொலைபேசியை நிறுத்தி வைப்பதும் சரியில்லை.

நேர்முகத் தேர்வுக்கு அப்பா கூட வரலாமா?

வாசல் வரை வரலாம். மோட்டார் சைக்கிளில் இறக்கிவிட்டுப் போய்விட வேண்டும். உள்ளே வந்து "பிள்ளை நல்ல அமைதி" என்று எனக்குச் சொல்லும் தகப்பன்மார் இருக்கிறார்கள். அமைதியான பிள்ளையை நான் தேடவில்லை.

கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பார்களே?

கோர்ணமேந்து என்றால் அரசாங்கம். சொல்வார்கள், அதற்குக் காரணமும் இருந்தது. ஒரு காலத்தில் எழுதுவினைஞர் வேலை, ஓய்வூதியம், ரெயில் இலவசச் சீட்டு என்று ஒரு குடும்பமே நிமிர்ந்தது. தனியார் பக்கம் ஒப்பிடக்கூடிய எதுவும் இங்கே நிலைக்கவில்லை. அரசுக்குச் சொந்தமான காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைகூட 1990இல் மூடியதோடு சரி. அரசாங்க வேலையை விரும்புவதில் தவறில்லை. வருகிற வருடம் வரும் என்று நம்பிக்கொண்டு 24 வயது வரை வேறு எதையும் தொடாமல் வீட்டில் இருப்பதுதான் ஆபத்து. போட்டிப் பரீட்சைக்கு வேலை செய்துகொண்டே படிக்கலாம்.

இன்னொன்று: 2007 முதல் அரச சேவையில் சேர்பவர் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். தமிழ் ஊழியருக்கு அது சிங்களம். அரசாங்க வேலையை நம்பியிருக்கும் பிள்ளை இன்றைக்கே அதைத் தொடங்கட்டும். தனியார் துறையிலும் அது வேண்டும். கொழும்பிலிருந்து பொருள் அனுப்பும் ஆளோடு தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசக்கூடிய பிள்ளை யாழ்ப்பாணத்து அலுவலகத்தில் விரைவாக மேலே போகும். இலக்கணம் பிறகு வரட்டும். எண்கள், கிழமைகள், "இன்னும் வரவில்லை", "எப்போது அனுப்புவீர்கள்" இவை போதும் தொடங்க. ஆங்கிலத்துக்கும் இதே ஆலோசனைதான், ஒரு பந்தி மின்னஞ்சல் எழுதும் அளவு கூடுதலாக.

பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. தொழிற்பயிற்சி இரண்டாம்தரம் இல்லையா?

இல்லை. தேசிய தொழில் தகைமை என்ற என்.வி.கியூ. ஏழு மட்டங்களைக் கொண்டது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். கீழ் மட்டத்தில் தொடங்கியவர் படிப்படியாக ஏறிப் பட்டம் வரை போகலாம். யாழ்ப்பாணத் தொழினுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், வேலைத்தலத்திலேயே பழக்கும் நைற்றா எனப்படும் பயிலுநர் அதிகாரசபை எல்லாம் இந்த ஏணியில்தான் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தையும் போய்ப் பாருங்கள். பாடநெறிப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு வராமல் பட்டறைக்குள்ளும் நுழைந்து பாருங்கள்.

ஏற்கெனவே கராஜிலோ வயரிங்கிலோ பல வருடம் கைபழகியவர்கள் புதிதாக வகுப்புக்குப் போகாமல், செய்து காட்டித் தகைமைச் சான்றிதழ் பெறவும் வழி உண்டு. தகப்பனோடு வேலைக்குப் போய்ப் பழகிய பையன்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

தனியார் நிலையங்களில் காசு கட்டுவதற்கு முன், அது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா, அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். நகரத்தில் பளபளப்பான பலகைகள் நிறைய.

சம்பளம் பேசும்போது என்ன கேட்க வேண்டும்? கேட்டால் வேலை போய்விடாதா?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படாத பகுதி இதுதான்.

முதலில் நியமனக் கடிதம். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டுடையது. வேலையின் தன்மை, சம்பளம், நேரம், விடுமுறை ஆகியவற்றை எழுத்தில் தர வேண்டும் என்று அது சொல்கிறது. நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. "பழகும் காலம், ஐயாயிரம் தருகிறேன்" என்பவரிடம் இந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்.

பிறகு ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 8 வீதம், 3,200 ரூபா. அது சம்பளத்தில் கழியும். முதலாளியின் பங்கு 12 வீதம், 4,800 ரூபா. அது அவர் கையிலிருந்து வர வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 1,200 ரூபா, அதுவும் அவருடையது. உங்கள் கைக்கு 36,800 ரூபா வரும், உங்கள் பெயரில் மாதம் 9,200 ரூபா சேரும்.

சில இடங்களில் நடப்பது என்னவென்றால், சம்பளச் சிட்டையில் "ஈ.பி.எஃப். 8,000" என்று கழித்திருப்பார்கள். அதாவது முதலாளியின் பங்கையும் ஊழியரிடமே பிடித்துக்கொள்வது. இது சட்டவிரோதம். இன்னும் சில இடங்களில் கழிப்பது கழிப்பார்கள், கட்டுவது கட்ட மாட்டார்கள். அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, கணக்கில் பணம் ஏறுகிறதா என்று இடைக்கிடை பாருங்கள். பிரச்சினை என்றால் தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். காசு செலவில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை.

கேட்டால் வேலை போகுமா? "நியமனக் கடிதம் எப்போது கிடைக்கும் சேர்?" என்ற கேள்விக்காக ஒருவர் உங்களை வேண்டாம் என்றால், அவர் கடிதம் தர நினைக்கவில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஒழுங்காக நடத்துகிறவருக்கு அது சாதாரணக் கேள்வி.

முதலாளி ஏசினால்?

வேலையைப் பற்றி ஏசினால் கேட்டுக்கொள்ளுங்கள், திருத்துங்கள், மத்தியானத்துக்குள் மறந்துவிடுங்கள். வீட்டையோ சாதியையோ உடம்பையோ இழுத்து ஏசினால், கை நீட்டினால், அது வேலைப் பழக்கமில்லை. பிள்ளைகள் இரண்டையும் குழப்புகிறார்கள். முதலாவதுக்கே வேலையை விட்டுவிட்டு வருகிறவரும் உண்டு, இரண்டாவதைப் பொறுத்துக்கொண்டே இருப்பவரும் உண்டு. பெற்றோர் உடனே முதலாளியிடம் சண்டைக்குப் போகாமல், என்ன வார்த்தை, யார் முன்னால், எத்தனையாவது தடவை என்று பிள்ளையிடம் பொறுமையாகக் கேளுங்கள்.

மகளை வேலைக்கு விடப் பயமாக இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இரவு ஏழு மணிக்குப் பிறகு பருத்தித்துறைப் பக்கமோ தீவுப் பக்கமோ போகும் பஸ்கள் குறைவு. அதனால் வேலை முடியும் நேரமும் கடைசி பஸ்ஸின் நேரமும் முதல் நாளே பேசித் தீர்க்க வேண்டியவை. "கடை அடைக்கும் வரை நில்" என்ற பேச்சுக்கு இடம் வைக்காதீர்கள்.

தொந்தரவு பற்றி: வேலைத்தலத்தில் நடக்கும் பாலியல் தொந்தரவு 1995 முதல் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஆனால் மகள் உங்களிடம் சொல்வாளா என்பது சட்டத்தில் இல்லை. "சொன்னால் அம்மா வேலையை நிறுத்திவிடுவார்" என்று தெரிந்த பிள்ளை சொல்லாது. அதனால் முன்கூட்டியே, வேலை தொடங்கும் முன்பே, "என்ன நடந்தாலும் சொல், உன்னை வீட்டில் இருத்த மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள், சொன்னதைக் காப்பாற்றுங்கள். நடந்ததைத் திகதியோடு எழுதி வைக்கவும், வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கவும் கற்றுக்கொடுங்கள்.

நான் எப்படியும் கனடாவுக்குப் போகப் போகிறேன். இங்கே எதற்கு வேலை பழக வேண்டும்?

போகும் வரை என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. அண்ணா அனுப்பும் காசில் மோட்டார் சைக்கிளும் கைத்தொலைபேசியும் வைத்துக்கொண்டு விசாவுக்காகக் காத்திருப்பவர்கள் ஒவ்வொரு சந்தியிலும் நிற்கிறார்கள். அங்கே போனாலும் முதல் கேள்வி "முன்பு எங்கே வேலை செய்தீர்கள்" என்பதாகத்தான் இருக்கும். இங்கே எடுத்த என்.வி.கியூ. சான்றிதழும் சேவைக் கடிதமும் கூட வரும்.

மத்திய கிழக்கு போன்ற இடங்களுக்கு வேலைக்குப் போவதானால், முகவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்று காசு கொடுப்பதற்கு முன் விசாரியுங்கள். 1989 என்ற இலக்கத்தில் கேட்கலாம். சுற்றுலா விசாவில் அனுப்பிப் பிறகு மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள், அவர் உங்கள் ஊர்க்காரராக இருந்தாலும்.

வீட்டிலிருந்தே உழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் வருகின்றனவே?

வேலை தருகிறவர் உங்களிடம் காசு கேட்டால் அது வேலையில்லை. ஆள் சேர்த்தால் பணம் என்றால் அது பிரமிட் திட்டம். வங்கிச் சட்டத்தின் கீழ் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. பத்துப் பேரைச் சேர்த்த பிள்ளை பிறகு பத்து வீட்டுக்கும் முகம் கொடுக்க முடியாமல் நிற்கும்.

புதிதாக வந்திருப்பது, "உன் வங்கிக் கணக்கில் காசு வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறேன்" என்பது. அது யாரோ ஏமாற்றி எடுத்த காசாக இருக்கலாம். பொலிஸ் தேடி வருவது கணக்கு யார் பெயரிலோ அவரிடம்தான்.

முதல் சம்பளத்தை வீட்டில் கொடுக்க வேண்டுமா?

முதல் மாதம் கோவிலுக்கும் அம்மாவுக்கும் கொடுப்பது நம் வழக்கம், அழகானது, இருக்கட்டும். இரண்டாம் மாதத்திலிருந்து முழுச் சம்பளத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு பஸ் காசை எண்ணிக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைப் பேசி எடுங்கள், மிச்சம் பிள்ளையின் கணக்கில் இருக்கட்டும். இருபதாம் திகதி காசு முடிந்து கையைப் பிசைந்தால், மாதக் கடைசி வரை பிசையட்டும். தவணைக்கு எடுத்த தொலைபேசிக்கு அண்ணா கனடாவிலிருந்து காசு அனுப்பினால் அந்தப் பாடம் அவ்வளவுதான்.

வேலையை விடுவதென்றால் எப்படி?

சம்பளம் எடுத்த மறுநாள் வராமல் விடுவதுதான் இங்கே அதிகம் காணும் முறை. யாழ்ப்பாணம் சின்ன இடம். ஸ்டான்லி வீதியில் விட்டுவிட்டுப் போன கதை ஆஸ்பத்திரி வீதிக்கு உங்களுக்கு முன்பே வந்துவிடும்.

நியமனக் கடிதத்தில் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்று பாருங்கள்; பெரும்பாலும் ஒரு மாதம் இருக்கும். இரண்டு வரியில் கடிதம் எழுதி, பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். உங்களிடம் உள்ள சாவி, சீருடை, மடிகணினி, முற்பணம் எல்லாம் ஒப்படைத்து அதற்கும் கையெழுத்து. சேவைக் கடிதம் கேளுங்கள். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால் பணிக்கொடை உண்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அதை விட்டுக்கொடுத்துவிட்டு வராதீர்கள். கடைசி மாத ஈ.பி.எஃப். கட்டப்பட்டதா என்று இரண்டு மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள். பழைய அங்கத்துவ இலக்கத்தை எழுதி வைத்திருங்கள், புது இடத்தில் படிவம் நிரப்பும்போது கேட்பார்கள்.